ஆயில் சம்ப்பைக் காக்கும் தகடு: ஸ்கிட் பிளேட் வாங்கும் முன்

அடியில் மூடி எதுவும் இல்லாத ஒரு காரை லிஃப்டில் ஏற்றி, கீழே நின்று பார்த்தால் என்ஜினுக்கு அடியில் ஒரு தொட்டி தெரியும். அதுதான் ஆயில் சம்ப். ஆயில் பேன் என்றும் சொல்வார்கள். ஒர்க்‌ஷாப்பில் பலருக்கு அது வெறும் சேம்பர். என்ஜினுக்குள் சுற்றி வரும் ஆயில் எல்லாம் கடைசியில் வடிந்து சேரும் இடம் அது. நான்கு சிலிண்டர் கார்களில் பொதுவாக மூன்றரை முதல் ஐந்து லிட்டர் வரை பிடிக்கும்.

ஆயில் தானாகவே கீழே வடிய வேண்டும் என்பதால் அந்தத் தொட்டிக்கு என்ஜினின் அடியைத் தவிர வேறு இடம் கிடையாது. ரேஸ் கார்களில் ட்ரை சம்ப் என்று ஓர் ஏற்பாடு உண்டு. கீழே வடிந்த ஆயிலைப் பம்ப் வைத்து இழுத்து வேறொரு டேங்கில் சேர்த்துவிடுவார்கள். நாம் அன்றாடம் ஓட்டும் கார்களில் அது அநேகமாக இருக்காது. ஆகவே என்ஜினை உயிரோடு வைத்திருக்கும் ஆயில், ரோட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பல கார்களில் அதற்கும் கீழே, ஒரு மெல்லிய சுவருக்குப் பின்னால் இருக்கிறது.

அந்தச் சுவர் எதனால் ஆனது என்பது காருக்குக் கார் மாறும். பழைய, எளிய வகை, அச்சில் அழுத்தி எடுத்த எஃகுத் தகடு. தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அடுத்தது வார்ப்பு அலுமினியம். புதிய கார்கள் சிலவற்றில் கண்ணாடி இழை கலந்த நைலான். கல்லில் இடித்தால் எஃகு நசுங்கும். வார்ப்பு அலுமினியமும் நைலானும் நசுங்காமல் விரிசல் விடும்.

விரிசல் விட்டால் ஆயில் கொட்டும், தரையில் கறுப்பாகத் தெரியும், வண்டியை நிறுத்திவிடுவோம். நசுங்கல் அப்படி இல்லை. ‘ஒழுகவில்லையே, போகட்டும்’ என்று விட்டுவிடுகிறோம். எனக்கு விரிசலைவிட இதுதான் பயம்.

காரணம் சம்ப்பின் உள்ளே இருக்கிறது. ஆயில் பம்ப் தனக்கு வேண்டியதை ஒரு குழாய் வழியாக உறிஞ்சுகிறது. குழாயின் வாயில் வலை இருக்கும். அந்த வலைக்கும் சம்ப்பின் தரைக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஆயில் கொஞ்சம் குறைந்தாலும், கார் வளைவில் சாய்ந்தாலும் குழாய் காற்றை உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு தாழ்வாக வைக்கிறார்கள். இப்போது ஒரு கல் அந்தத் தரையை ஒரு சென்டிமீட்டர் மேலே தள்ளிவிட்டது என்று வையுங்கள். டம்ளரின் அடியில் ஸ்ட்ராவை அழுத்தி வைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், அதே கதைதான். ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் அளவு சரியாக இருக்கும். தொட்டியின் கொள்ளளவு குறைந்திருப்பதால் ஒரு கோடு கூடுதலாகக் காட்டினாலும் வியப்பில்லை. ஐட்லிங்கில் என்ஜின் வழக்கம்போல ஓடும். வேகமெடுத்து ஆர்பிஎம் ஏறும்போதுதான் பம்ப் கேட்கும் அளவுக்கு ஆயில் அந்த இடுக்கு வழியாக வராமல் போகும்.

ஆயில் வராவிட்டால் அடி வாங்குவது பேரிங்குகள். கிராங்க்‌ஷாஃப்டுக்கும் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்கு. அந்த இடுக்கில் அழுத்தத்தோடு நிற்கும் ஆயில் படலத்தின் மேல்தான் ஷாஃப்ட் மிதந்தபடி சுழல்கிறது. படலம் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும், சூடேறும், ஒட்டிக்கொள்ளும். என்ஜின் சீஸ் ஆவது என்பது இதுதான். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினுக்கு இதற்கு அதிக நேரம் பிடிக்காது.

டாஷ்போர்டில் எண்ணெய்க் கிண்ணம் போன்ற சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் விளக்கு இல்லை. அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு. சூடான என்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது அழுத்தம் பல பார் இருக்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). பெரும்பாலான கார்களில் அது அரை பார் அளவுக்கோ அதற்கும் கீழேயோ போன பிறகுதான் இந்த விளக்கு எரியும். அதாவது, எரியும்போதே தாமதம். அடியில் ‘டம்’ என்று இடித்த பிறகு அது எரிந்தால் ஓரமாக நிறுத்தி, என்ஜினை உடனே அணைக்க வேண்டும். அடுத்த ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். டோ செய்யும் செலவு எவ்வளவு ஆனாலும் என்ஜின் செலவைவிடக் குறைவுதான்.

ஏற்கெனவே ஒரு மூடி இருக்கிறதே?

இருக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் என்ஜினுக்கு அடியில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி, அல்லது கம்பளம் போல அழுத்திய நார் மூடி வருகிறது. அதன் வேலை வேறு. சேறும் தண்ணீரும் மேலே தெறிக்காமல் தடுக்க, என்ஜின் சத்தத்தைக் குறைக்க, காருக்கு அடியில் காற்று வழுக்கிக்கொண்டு போக. சின்னக் கற்கள் தெறித்தால் தாங்கும். பாறை, கான்கிரீட் விளிம்பு, மேடேறிய மண் வரப்பு இவற்றுக்கெல்லாம் அது ஒரு தடையே இல்லை. உடைந்து தொங்கும், அவ்வளவுதான்.

ஸ்கிட் பிளேட், அல்லது சம்ப் கார்டு, அந்த இடத்தில் மாட்டும் உலோகத் தகடு. பாறைக்கும் சம்ப்புக்கும் நடுவே தடிமனாக ஒரு இரும்பு இருந்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தகடு வேலை செய்யும் விதம் அதுவல்ல. 1,200 கிலோ கார் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 18,500 ஜூல். 40 கிலோமீட்டரில் அது நான்கு மடங்கு, 74,000 ஜூல். இவ்வளவையும் தானே வாங்கிக்கொள்ள எந்தத் தகடாலும் முடியாது, முயன்றால் மடங்கிவிடும். நல்ல தகடு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, விழும் பாரத்தை சம்ப்பைச் சுற்றி எடுத்துப் போய் சப்ஃப்ரேமிலோ (என்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டம்) சேஸியிலோ இறக்குகிறது. இன்னொன்று, காரைக் கல்லின் மேல் வழுக்கிக் கடந்து போகவைக்கிறது.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடும். ‘எத்தனை மில்லிமீட்டர்?’ என்பதுதான் எல்லாரும் கேட்பது. நான் முதலில் கேட்கச் சொல்வது, ‘எங்கே போல்ட் போடுகிறீர்கள்?’ சப்ஃப்ரேமில், குறுக்குச் சட்டத்தில், சேஸியில் கம்பெனியே விட்டிருக்கும் மரைத் துளைகளில் என்றால் சரி. பம்பர் பிளாஸ்டிக்கிலோ, மெல்லிய ஷீட் மெட்டலில் திருகு ஆணி ஏற்றியோ மாட்டுவதாக இருந்தால் தகடு பத்து மில்லிமீட்டர் இருந்தாலும் பயனில்லை. முதல் அடியில் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும், தகடே சம்ப்பில் போய் மோதும். என்ஜின் மேலும் கியர்பாக்ஸ் மேலும் மாட்டுவது அதைவிட மோசம். தப்பிக்க நினைத்த அடி நேராக அங்கேயே போகும்.

அடுத்து, முன்விளிம்பு. அது மேல்நோக்கிச் சரிந்து பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். நேராகக் கத்திபோல நிற்கும் விளிம்பு கல்லில் வழுக்காது, கொத்திக்கொண்டு நிற்கும். போல்ட் தலைகளும் அப்படித்தான். தகட்டில் குழித்த பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால் பாறை அவற்றைச் சீவாது. துருத்திக்கொண்டிருந்தால் ஒருநாள் தலை தேய்ந்து, ஸ்பேனர் பிடிக்க இடமில்லாமல், தகட்டைக் கழற்றுவதே பெரிய வேலையாகிவிடும்.

இந்த வழுக்கல் கணக்கு ஆயில் சம்ப் உள்ள கார்களுக்கு மட்டுமல்ல. 2013இல் டெஸ்லா மாடல் எஸ் மின்சாரக் கார்கள் ரோட்டில் கிடந்த உலோகத் துண்டுகளில் ஏறி, அடியில் இருந்த பேட்டரியில் அடிபட்டுத் தீப்பிடித்தன. 2014 மார்ச்சில் அந்த நிறுவனம் காரின் அடியில் மூன்று அடுக்குப் பாதுகாப்பைச் சேர்த்தது. முதலில் பொருளைத் தட்டிவிட ஓர் உருண்டையான அலுமினியக் கம்பி, பிறகு ஒரு டைட்டானியத் தகடு, கடைசியாகச் சாய்வான ஓர் அலுமினியத் துண்டு. எதற்கும் மசியாத பொருளாக இருந்தால் கார் அதன் மேல் ஏறிக் கடந்துவிட வேண்டும் என்பதுதான் அந்தச் சாய்வின் வேலை.

எஃகா, அலுமினியமா

தடிமனைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. வளையாமல் நிற்கும் திறன் தடிமனின் மும்மடியாக ஏறும். தடிமனை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. எஃகு அலுமினியத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு விறைப்பானது, எடையும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுவாரசியமான விடை வருகிறது. 60க்கு 80 சென்டிமீட்டர் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் எஃகில் அது 11 கிலோவுக்குச் சற்று மேல். 4 மில்லிமீட்டர் அலுமினியத்தில் 5 கிலோ சொச்சம்; விறைப்போ அந்த எஃகுத் தகட்டில் ஐந்தில் நான்கு பங்கு. 6 மில்லிமீட்டர் அலுமினியம் என்றால் எட்டுக் கிலோவுக்குள், எஃகைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் விறைப்பு. முன்சக்கரங்களுக்கு அருகே எடை கூடாமல் இருக்க வேண்டும் என்றால் அலுமினியம்தான்.

ஆனால் கூர்மையான பாறையில் அலுமினியம் கீறப்படும், சில நேரம் பாறையில் பிடித்துக்கொள்ளும். எஃகு அதைவிட நன்றாக வழுக்கும், மடங்கினாலும் தட்டி நிமிர்த்தலாம். பெயின்ட் போன இடத்தில் துருப்பிடிக்கும், அது ஒரு தொல்லை. அலுமினியத்தில் எஃகு போல்ட் போட்டு, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் இரண்டும் சேருமிடத்தில் அலுமினியம் அரிக்கும். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டும் கொஞ்சம் கிரீஸும் போட்டால் அதைத் தள்ளிப்போடலாம். பாறைகளின் மேலேயே ஊர்ந்து போகும் வண்டிகளில் தடித்த பாலிஎத்திலீன் தகடும் மாட்டுகிறார்கள், நன்றாக வழுக்கும் என்பதால். அன்றாடக் காருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

தட்டையாக வெட்டிய தகட்டைவிட, நீளவாக்கில் மடிப்புகள் அழுத்தி எடுத்த தகட்டைத் தேர்ந்தெடுங்கள். எடை கூடாமல் விறைப்பு ஏறுவது அந்த மடிப்புகளால்தான்.

விறைப்புக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? தகடு வளைந்து மேலே போய் சம்ப்பைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே தகட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இரண்டு விரல் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைந்தால் நல்லது. குறைந்தது 20 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. என்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அசையும், குலுங்கும். இடைவெளி இல்லாத தகடு கல்லே இல்லாத ரோட்டிலும் சம்ப்பைத் தட்டிக்கொண்டிருக்கும். சில கார்களில் சம்ப்பின் அடியிலேயே ஆயில் அளவு பார்க்கும் சென்சார் துருத்திக்கொண்டிருக்கும். இடைவெளியை அதிலிருந்துதான் அளக்க வேண்டும்.

இடைவெளியும் தகடும் சேர்ந்து, காரின் கிரவுண்ட் கிளியரன்ஸில் ஒன்றிரண்டு சென்டிமீட்டரை விழுங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். முன்பு தட்டாத வேகத்தடை இப்போது தட்டலாம். தட்டுவது தகடுதான், சம்ப் இல்லை, அதற்காகத்தானே மாட்டினோம்.

மாட்டிய பிறகு வரும் தொல்லைகள்

விற்பவர்கள் சொல்லாத பக்கம் இது. முதல் விஷயம், சூடு. காருக்கு அடியில் ஓடும் காற்று சம்ப்பையும் கியர்பாக்ஸையும் ஓரளவு குளிர்விக்கிறது. ரேடியேட்டர் வழியாக உள்ளே வரும் காற்றும் வெளியேறக் கீழே வழி தேடுகிறது. அடியை முழுக்க மூடினால் இரண்டும் கெடும். அதனால் தகட்டில் பின்பக்கம் பார்த்த காற்றுப் பிளவுகள் இருக்க வேண்டும். முன்பக்கம் பார்த்திருந்தால் சேற்றை அள்ளிப் போடும்.

இரண்டாவது, தகட்டின் மேல் சேர்வது. சேறு சேர்ந்து காய்ந்தால் எடை கூடும், ஈரம் பிடித்துத் துருவேறும். காய்ந்த புல் அதைவிட ஆபத்து. எக்ஸாஸ்ட் குழாயும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் புல் அடைத்துக்கொண்டால் தீப்பிடிக்கும். புல்வெளியிலோ அறுத்த வயலிலோ ஓட்டினால் இறங்கியதும் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சேர்த்து மூடும் தகட்டை நான் வாங்கமாட்டேன்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. தகடு ஒழுகலை மறைக்கும். முன்பெல்லாம் சம்ப் கேஸ்கெட் (சம்ப்பும் என்ஜினும் சேருமிடத்தை அடைக்கும் பட்டை) கசிந்தால் நிறுத்திய இடத்தில் சொட்டு விழும், காலையில் பார்த்துவிடுவோம். இப்போது அந்தச் சொட்டு தகட்டின் மேல் விழுந்து, தூசியோடு கலந்து, அங்கேயே தங்கிவிடும். தரை சுத்தமாகவே இருக்கும். ஆகவே ஸ்கிட் பிளேட் போட்டவர்கள் டிப்ஸ்டிக்கை மற்றவர்களைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். தகட்டின் பிளவுகளுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதும் உதவும்.

அப்புறம் சத்தம். சரியாக உட்காராத தகடு கடகடக்கும். போல்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் வாஷர் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆயில் மாற்றுவதைப் பற்றியும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். டிரெயின் பிளக்குக்கும் (பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் திருகு மூடி) ஃபில்டருக்கும் நேராகத் துளையோ திறக்கும் மூடியோ இருந்தால் தகட்டைக் கழற்றாமலே வேலை முடியும். துளை சின்னதாக இருந்தால் பழைய ஆயில் தகட்டின் மேலெல்லாம் வழிந்து, பிறகு நாள்கணக்கில் ஒழுகி, சம்ப் ஓட்டையோ என்று பயமுறுத்தும்.

மாட்டும்போது

உங்கள் காரின் அதே மாடலுக்கு, அதே என்ஜினுக்குச் செய்த தகட்டையே வாங்குங்கள். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது எந்தக் காருக்கும் சரியாகப் பொருந்தாது என்றுதான் பொருள். மோதலின்போது கார் எப்படி மடங்க வேண்டும் என்பதையும் தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டே வைத்திருக்கிறார்கள். 1997இல் வந்த மெர்சிடிஸ் ஏ-கிளாஸில், முன்மோதல் நடந்தால் என்ஜின் பயணிகளின் மேல் பாயாமல் காரின் தளத்துக்கு அடியில் சரியும்படி வடிவமைத்திருந்தார்கள். அத்தகைய காரில் கண்ட இடத்தில் சட்டம் போட்டுத் தகடு கட்டினால் அந்த ஏற்பாட்டில் கை வைக்கிறோம். அதனால்தான் சப்ஃப்ரேமில் புதிதாகத் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் வேண்டாம் என்கிறேன்.

சஸ்பென்ஷன் ஆர்ம், ஸ்டீயரிங் ரேக் ஆகியவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, அதோடு தகட்டையும் சேர்த்து மாட்டச் சொல்லும் கிட்டுகள் உண்டு. அவற்றோடு வரும் நீளமான, உரிய தரத்துப் போல்ட்டை, காரின் மேனுவலில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கினால் மட்டும் சரி. சில கார்களில் அந்தப் போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். நீங்களே மாட்டுவதாக இருந்தால் வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஆக்ஸில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான்.

மாட்டி முடித்ததும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து, உலோகம் உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். புதிதாக மாட்டியது கொஞ்சம் தளர்வது இயல்பு.

எல்லாருக்கும் தேவையா?

இல்லை. நல்ல தார் ரோட்டில் மட்டும் ஓடும், உயரமான காருக்கு இது வீண் எடை. கப்பி ரோடு, மண்பாதை, வேலை நடக்கும் சாலை, மழையில் அரித்த பாதை இவற்றில் அடிக்கடி போகிறவர்களுக்கும், தாழ்வான செடான் வைத்துக்கொண்டு நிறைய ஆட்களோடும் சாமான்களோடும் போகிறவர்களுக்கும் பயன்படும். பாரம் ஏறினால் கார் சில சென்டிமீட்டர் இறங்கிவிடும் என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. விளம்பரத்தில் போடும் கிரவுண்ட் கிளியரன்ஸ் காலிக் காரின் அளவாகவும் இருக்கலாம்.

தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு பழக்கம் சம்ப்பைக் காப்பாற்றும். வேகத்தடைக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, ஏறும்போது காலை எடுத்துவிடுங்கள்; பிரேக் அழுத்தியிருக்கும்வரை காரின் மூக்கு குனிந்திருக்கும், சம்ப்பும் கூடவே இறங்கியிருக்கும். நடுரோட்டில் கல் கிடந்தால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுக் கடக்கத்தான் கை போகும். விலக வழியில்லை, உயரமும் சந்தேகம் என்றால் மெதுவாக ஒரு சக்கரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றுங்கள். சக்கரம் ஏறினால் அதோடு காரும் உயரும். கூர்மையான கல்லில் மட்டும் இந்த வித்தை வேண்டாம், டயர் போய்விடும்.

பலமாக ஒருமுறை இடித்துவிட்டால், தகட்டில் கீறல்தான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். தகட்டைக் கழற்றி, சம்ப் நசுங்கியிருக்கிறதா, போல்ட் துளைகள் நீண்டிருக்கின்றனவா, சப்ஃப்ரேமில் மாட்டிய இடம் விரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒர்க்‌ஷாப்பில் அரைமணி நேரம் போதும். திரும்ப மாட்டும்போது எல்லாப் போல்ட்டும் ஏறியிருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து எண்ணிவிடுங்கள். அவசரத்தில் ஆறுக்கு நாலு போட்டு அனுப்பிவிடும் கைகள் எல்லா ஊரிலும் உண்டு.